டவர் அடியில் நிற்கும் பிள்ளைகளுக்காக: குமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்.

தக்கலைப் பக்கம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடை அடைத்த பிறகு, ஏதாவது ஒரு டவர் கண்ணில் படும் இடத்தில் ரிசீவரோடு உட்கார்ந்து, அங்கிருந்து என்னென்ன அலைவரிசை வருகிறது என்று கண்டுபிடித்து நோட்டில் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேரும் இப்போது கூட வருகிறார்கள்.

போன மாதம் அவர்களில் ஒருவனை ஒரு டவர் பக்கம் ஊர்க்காரர்கள் பிடித்து, காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். இரவு பத்து மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். லேப்டாப்பும் ஆண்டெனாவும் கைக்கு வர ஆறு நாள் ஆனது. விசாரித்ததை நான் குறை சொல்ல மாட்டேன்; கடலோர மாவட்டம், சந்தேகம் வந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் "யாருக்கு சிக்னல் அனுப்புகிறாய்?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அவன் வைத்திருந்த பொருளால் எதையும் அனுப்பவே முடியாது.

அது கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காகச் செய்த யூஎஸ்பி டாங்கிள். சுமார் 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை வாங்கும், அவ்வளவுதான். லேப்டாப் திரையில் நீலப் பின்னணியில் மஞ்சள் கோடுகளாக அலைகள் இறங்கிக்கொண்டிருக்கும். எஃப்எம் நிலையம் என்றால் பாட்டுக்கேற்ப விரிந்து சுருங்கும் பட்டை. 4ஜி என்றால் ஆடாமல் அசையாமல் செங்கல் மாதிரி ஒரு கட்டை, திரையின் அகலத்துக்கே கொள்ளாது. யார் என்ன பேசுகிறார்கள் என்பது எங்களுக்கு வேண்டாம். வடிவத்தையும் எண்ணையும் பார்த்து இன்னது என்று அடையாளம் காண்பதுதான் வேலை.

டவருக்கு மிக அருகில் போனால் இது கஷ்டமாகிவிடும். கோணம் என்ற இடத்தில் நாகர்கோவில் வானொலியின் 101 மெகாஹெர்ட்ஸ் டவர் பக்கத்தில் நின்றால், காதருகே செண்டை அடித்த மாதிரி ரிசீவர் திணறும். இல்லாத அலைவரிசைகளையெல்லாம் இருப்பதாகக் காட்டும். எது நிஜம், எது போலி? ஆண்டெனா வயரில், சிக்னலின் பலத்தை 10 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் என்ற சின்னப் பொருளைச் சொருக வேண்டும். நிஜ சிக்னல் 10 டெசிபல் இறங்கும். ரிசீவருக்குள்ளேயே அலைகள் கலந்து பிறந்த போலி 20, 30 என்று சரிந்து மறையும். யாரும் சொல்லித் தராமல் இதைக் கண்டுபிடித்தவன்தான் அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்.

இந்த அறிவு நம் கடற்கரைக்கு வேண்டும். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-ஐ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மக்கள் மறப்பார்களா? படகுகளில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ், பூமியின் வளைவைத் தாண்டி எட்டாது. கரையில் 36 மீட்டர் உயரத்திலும் படகில் 4 மீட்டர் உயரத்திலும் ஆண்டெனா இருந்தால் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் வரைதான் எட்டும். ஒக்கி அடித்தபோது நம் ஆட்கள் அதைவிட எவ்வளவோ தூரத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் இந்தக் கணக்குத் தெரிந்த, ஆபத்துக்கான 16-ம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய இரண்டு பிள்ளைகளாவது வேண்டாமா? 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து செய்தி கொண்டுவந்தவர்களில், பொழுதுபோக்காக அங்கே நிலையம் அமைக்கப் போயிருந்த ஹாம் ரேடியோக்காரர்களும், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களும் உண்டு.

ஆகவே கேட்கிறேன். ரிசீவர் எது, டிரான்ஸ்மிட்டர் எது என்று படத்தோடு ஒரு பக்கக் குறிப்பு எழுதி எல்லாக் காவல் நிலையங்களுக்கும் அனுப்புங்கள். எழுதித் தர நான் தயார். எங்கெல்லாம் போகக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். விஜயநாராயணம் கடற்படைத் தளம், கூடங்குளம் பக்கமெல்லாம் நாங்கள் இப்போதே எட்டிப் பார்ப்பதில்லை. ஹாம் உரிமத் தேர்வை 12 வயதிலிருந்தே எழுதலாம். அதை நாகர்கோவிலில் நடத்தும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறைக்கு ஆட்சியர் அவர்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். அனுப்ப ஆசைப்படும் பிள்ளைகள் முறையாக உரிமம் வாங்கி அனுப்பட்டும்.

போகும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே நிலையத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறோம். நேரில் பார்க்க விரும்பினால், சொல்லும் நாளில் ரிசீவரோடு வந்து காட்டுகிறோம். அந்தப் பையனையும் கூட்டி வருகிறேன். அன்றைக்குப் பிறகு அவன் ஆண்டெனாவை வெளியே எடுக்கவே இல்லை.

இப்படிக்கு,
தக்கலை ரேடியோ மெக்கானிக்