கடைமடைக்குத் தண்ணீர் வரும் வரை: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நேற்று இரவு தொலைபேசியில், குதிகால் வலி சுத்தமாகப் போய்விட்டது, திங்கட்கிழமையிலிருந்து பழையபடி பேராவூரணி வரை ஓடிவிட்டு வரப்போகிறேன் என்று தாங்கள் சொன்னபோது எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. ஓடக் கற்றுக்கொடுத்தவரிடமே ஓடாதீர்கள் என்று சொல்வது கூச்சமாக இருந்தது. எழுத்தில் அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைவு. எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், அத்தையும் படிப்பார்கள் என்பதுதான்.

சென்ற ஆண்டு எனக்கு வந்ததும் இதே குதிகால் நரம்பு வலி. ஐந்தாவது வாரம் வலி நின்றது. அன்று மாலையே தஞ்சாவூரில் புது ஆற்றங்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால், நல்ல காலில் கயிறு போல ஒரே சீராக இருந்த இடம், இந்தக் காலில் உள்ளே ஒரு புளியங்கொட்டையை வைத்துத் தைத்தது போலப் புடைத்திருந்தது. அதன்பின் ஏழு மாதம் ஓடவில்லை.

நாம் நரம்பு என்று சொன்னாலும் அது நரம்பு அன்று; கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண், மருத்துவர்கள் அக்கிலிஸ் என்பார்கள். குதிகாலுக்கு மேலே இரண்டிலிருந்து ஆறு சென்டிமீட்டர் வரையுள்ள பகுதிக்கு இரத்த ஓட்டம் மிகவும் குறைவு. தங்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை: அது காலின் கடைமடை, வாய்க்காலின் கடைசிக் கோடி. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வரவே மூன்று நான்கு நாள் ஆகிறது. அங்கிருந்து புது ஆறு வழியாகத் தங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர எத்தனை நாள் என்பதைத் தாங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். மேட்டூர் திறந்த செய்தியைக் கேட்டுவிட்டு அன்றே கடைமடையில் நாற்றங்காலுக்கு விதை தெளிப்பவர் யாரும் இல்லை. நெஞ்சும் மூச்சும் தலைமடை. சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். சதையும் விரைவில் தேறும். தசைநாண் தேற மாதக்கணக்கில் ஆகும். வலி நின்றது என்பது மேட்டூர் திறந்த செய்தி மட்டுமே, மாமா.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் கூடாது. சும்மா இருந்தால் தசைநாண் இன்னும் வலுவிழக்கும். 1998-இல் சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட முறையைத்தான் நான் பின்பற்றினேன். அவருக்கே இந்த வலி இருந்ததாம். அறுவை சிகிச்சைக்கு விடுப்புக் கிடைக்காததால், நாண் அறுந்தே போகட்டும், அப்போதாவது அறுவை செய்வார்கள் என்று வலிக்க வலிக்கப் பயிற்சி செய்ய, வலி போய்விட்டது என்று சொல்வார்கள். திண்ணைப் படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய, தூணைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டு காலாலும் எழும்பி, நல்ல காலை எடுத்துவிட்டு, நோகிற காலை மட்டும் மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, சற்றே மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும் இப்படிச் செய்தால் நாளொன்றுக்கு 180 முறை, மொத்தம் 12 வாரம். எளிதாகத் தோன்றத் தொடங்கியதும் தோளில் ஒரு பையை மாட்டி, இரண்டு கிலோ அரிசியில் தொடங்கலாம். படித்துறையில் மட்டும் செய்யாதீர்கள், பாசி இருக்கும்.

ஓட்டத்துக்கும் முறைப்பாசனம்தான், முறை வைத்து விட்டு விட்டுத்தான் தண்ணீர். ஓடி முடித்து ஒரு நாள், ஒன்றரை நாள் வரை தசைநாணில் புது இழை உருவாவதைவிடப் பழைய இழை சிதைவதே மிகுதி. அதற்குப் பிறகுதான் கணக்கு வரவுப் பக்கம் திரும்புகிறது. ஆகவே ஒரு நாள் ஓடினால் அடுத்த இரண்டு நாள் நடை மட்டும். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆற்றங்கரைச் சரிவில் ஓடி ஏறுவது வேண்டாம், ஏற்றத்தில் குதிகால் நாண் அதிகமாக இழுபடும். புழுதி மண்ணும் அப்படியே. நம் ஊர் தட்டையாக இருப்பது இந்த ஒன்றுக்காவது உதவட்டும்.

இன்னொன்று. எனக்கு ஒரு மருத்துவமனையில், நாணிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் பத்து நாளில் ஓடலாம் என்றார்கள். நாண் அறுந்துபோகும் ஆபத்து அதில் உண்டு என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். அதேபோல் தங்கள் வயதில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரையை யாராவது எழுதிக்கொடுத்தால், குதிகாலில் இந்தத் தொல்லை இருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வகை மருந்துகளும் நாணைப் பாதிக்கக்கூடியவை.

ஓடும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். பத்துக்கு ஐந்தைத் தாண்டாமல் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அது பொறுக்கக்கூடிய வலி. எனவே திங்கட்கிழமை இருபது நிமிடம் முடிந்ததும் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், அப்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்து அடி வைத்தவுடன், காபி குடிப்பதற்கு முன்பாக, பத்துக்கு எத்தனை என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்புங்கள். குறைத்துச் சொன்னால் அத்தையிடம் கேட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
தங்கள் மருமகன்,
தஞ்சாவூர்.