இட்லிக்கார அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

மும்பை தாராவி 90 அடி ரோட்டுச் சந்து சொந்தங்களுக்கு வணக்கம்.

என் டிபி (காசநோய்) மாத்திரை முடிந்து இன்றோடு நாலு நாள். கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க என் இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்தவர்கள்தானே நீங்கள்.

நன்றி சொல்ல ஆள் நிறைய. என் தம்பியையும் விடாமல் பிடித்து, வாரம் ஒரு தடவையாக 12 வாரம் தடுப்பு மாத்திரை போட வைத்த ஆரோக்கிய சேவிகா (வீடு வீடாக வரும் சுகாதார ஊழியர்), சயான் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்காக நின்ற பக்கத்து வீட்டு மதினி, டிபி நோயாளிகளுக்கு உதவ முன்வரும் ‘நிக்ஷய் மித்ரா’வாகச் சேர்ந்து மாதாமாதம் பருப்பும் கடலையும் கொடுத்த குடும்பம், அரசு தரும் சத்துணவுக்கான 1,000 ரூபாய் ஏறிவிட்டதா என்று என் போனைப் பிடுங்கிப் பார்த்த சிநேகிதிகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. கோபித்துக்கொள்ளாதீர்கள், மிச்சத்தை ஒரு தட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்த மாத்திரை. நான் 38 கிலோ, அதனால் தினம் 3. வெறும் வயிற்றில் விழுங்கினால் குடலைப் பிரட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அந்த நாட்களில் பார்க்க வந்தவர்கள் நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் கொண்டுவந்ததெல்லாம் காகிதத் தட்டில், பிளாஸ்டிக் டப்பாவில். "திருப்பித் தர வேண்டாம், தூக்கிப் போட்டுரு." வீட்டிலும் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. புள்ளி வைத்தது அம்மா இல்லை, நானேதான்.

அண்ணாச்சியின் சைக்கிள் ஆறேகாலுக்கு நம் சந்தைத் தாண்டும். ஒருநாள் குமட்டல் தாங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பாம் பாம் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. என்ன ஏது என்று கேட்கவில்லை. ரெண்டு இட்லி, கொஞ்சம் சட்னி, ஒரு எவர்சில்வர் தட்டில். விளிம்பில் அவர் சம்சாரத்தின் பெயர் வெட்டியிருந்தது. அவர் சாப்பிடுகிற தட்டு.

தின்று முடித்துத் தட்டை என் பின்னால் ஒதுக்கி வைத்தேன்.

"ஏ பிள்ளே, தட்ட இங்க கொண்டா. மத்தியானம் நான் எதுல சோறு திங்க?"

"எனக்கு டிபி அண்ணாச்சி, ஒட்டிக்கிடும்."

"தட்டுல பருக்கைதான் ஒட்டும்" என்றார். குடத்துத் தண்ணீரில் ஒரு அலசு, பைக்குள் போட்டார், போய்விட்டார். மறுநாளும் அதே தட்டு. அதற்கப்புறம் அந்த ஹாரன்தான் எனக்கு மாத்திரை மணி.

அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. இது மூச்சுக்காற்றில் பரவுவது, தட்டில் இல்லை. படுத்தபடியே போனில் படித்தேன்: 1956-ல் நம் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வில், டிபி நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் (காசநோய் ஆஸ்பத்திரி) பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்கு அதனால் நோய் கூடுதலாக வரவில்லை என்று 1960-களிலேயே எழுதியாகிவிட்டது. மெட்ராஸில் கண்டுபிடித்தது, தாராவித் தமிழர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை!

இட்லிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருக்கிறது. மருந்து மட்டும் போதாது, அரைவயிற்றைத் தேடித்தான் இந்த நோய் வருகிறது. இன்னொன்றையும் தேடி வரும்: ஜன்னல் இல்லாத கோலியை, அதாவது நம் ஒற்றை அறை வீட்டை.

அதனால் ஒன்று செய்யப்போகிறேன். புதுக் கட்டடம் என்று நக்ஷாவோடு (வரைபடத்தோடு) வருகிறார்களே, அவர்களிடம் டைல்ஸ் பற்றிக் கேட்க மாட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம், எதிர்க் கட்டடம் எத்தனை அடி தள்ளி, கீழ்மாடிக்கு வெயில் எத்தனை மணி நேரம் என்று கேட்பேன். கோவண்டியில் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகளில் பகலிலும் லைட் எரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் கேட்கும்போது நாலு பேர் பக்கத்தில் நின்றால் நல்லது.

முந்தாநாள் அண்ணாச்சி கேட்டார், "மாத்திர முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

"அப்ப இனி துட்டு குடு."

நேற்று நாலு இட்லி வாங்கினேன். சில்லறை இல்லையென்று சொல்லிவிட்டுப் போனார். பத்து ரூபாய் அவரிடம் நிற்கிறது.

இப்படிக்கு,
சந்தின் கடைசி வீட்டுப் பிள்ளை