60-ஆ, 65-ஆ? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, குற்றவியல் நீதி நிர்வாகம் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி எழுதுகிறேன். எங்கள் துறை மாணவர்கள் இரண்டு முறை மனு கொடுத்தது தங்களுக்குத் தெரியும். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலும் தங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் திரும்பச் சொல்லவில்லை. போன வாரம் கைக்கு வந்த என் விடைத்தாள் நகலைப் பற்றிச் சொல்கிறேன்.

சாட்சியை விசாரணைக்கு அழைக்கக் காவல் அதிகாரிக்கு உள்ள அதிகாரம் பற்றிய கேள்வி. 60 வயதைக் கடந்த ஆணை, அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லி வற்புறுத்த முடியாது என்று எழுதியிருந்தேன். திருத்தியவர் அந்த 60-ஐச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பக்கத்தில் 65 என்று எழுதியிருக்கிறார். 179 என்ற பிரிவு எண்ணை அடித்துவிட்டு 160 என்று போட்டிருக்கிறார். பத்துக்கு மூன்று.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தாங்கள் கொடுத்த பாடத்திட்டத்தில் இருப்பது 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதன்படி பிரிவு 160, வயது 65. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நாட்டில் நடப்பது அதற்குப் பதிலாக வந்த வேறு சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதில் பிரிவு 179, வயது 60.

இந்த ஐந்து வயது வித்தியாசத்தை நான் வகுப்பில் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பாவுக்கு 62 வயது. சென்னையில் இருக்கும் ஓர் ஆச்சியின் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். போன ஐப்பசி மழையில் யாரோ பின்கட்டுக் கதவை நெம்பி, சீர் சாமான் வைத்திருந்த அறையிலிருந்து வெண்கலப் பானைகளையும் குத்துவிளக்குகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் சொன்னவர் அப்பாதான். மறுநாளிலிருந்து அவரையே ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். போனில்தான், எழுத்தில் ஒன்றுமில்லை. மூன்று நாள், காலை பத்து மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரை மர பெஞ்சில். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "உட்காருங்கள், ஐயா வருவார்" என்று மட்டும் சொன்னார்களாம்.

நான்காம் நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அப்பா புறப்பட்டபோது, "உன் புத்தகத்தில் இதற்கு ஒரு வழியும் இல்லையா?" என்று அம்மா கேட்டார். புரட்டிப் பார்த்தேன். "65 ஆகியிருக்க வேண்டும் அம்மா. அப்பா போய்த்தான் ஆக வேண்டும்" என்றேன். அதைச் சொல்லும்போது, படித்த பெண் என்ற பெருமைகூட எனக்குக் கொஞ்சம் இருந்தது. அன்று சாயங்காலம், தேவகோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கும் மாமா வந்துதான், "அது மாறி எத்தனை நாளாயிற்று!" என்றார். நான்காம் நாள் அப்பாவை அந்தப் பெஞ்சுக்கு அனுப்பிவைத்தது நானும் என் பாடப் புத்தகமும்தான்.

எங்கள் கோரிக்கை இதுதான்: நடப்பில் இருக்கும் சட்டத்தைப் பாடமாக வையுங்கள். 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், பழையதைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். அதுவரை, புதிய பிரிவை எழுதிய குற்றத்துக்காக மதிப்பெண்ணை வெட்டாதீர்கள்.

எங்கள் வகுப்பில் கொலைக்கு இன்றும் 302தான். நடைமுறைச் சட்டத்தோடு தண்டனைச் சட்டமும் மாறி, பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அந்தப் புதிய தண்டனைச் சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது, கொலைக்கு 103. ஊரெல்லாம் ஏமாற்றுக்காரனுக்குப் பட்டமாகக் கொடுக்கும் 420 என்ற எண்ணே அதில் கிடையாது. சட்டமே 358-உடன் முடிந்துவிடுகிறது. நாளை எங்களில் ஒருத்தி எஸ்.ஐ. ஆகி, கொலை வழக்கில் 302 என்று எழுதி வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் வீட்டில் அன்று பாயசம்தான்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற பெயர் நம் வாயில் எளிதில் நுழையாது, ஒப்புக்கொள்கிறேன். வாயில் நுழையாததையெல்லாம் பாடத்திலும் நுழைய விடமாட்டோம் என்றால் எப்படி? இத்தாலியில் கைதிகளின் மண்டையோட்டையும் தாடையையும் அளந்துபார்த்துப் 'பிறவிக் குற்றவாளி' என்று சொன்ன லொம்ப்ரோசோவுக்கு மட்டும் பாடத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. 1942 ஆகஸ்டில் நம் மக்கள் திருவாடானைச் சிறையை உடைத்துச் சுதந்திரப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டதற்கும், தேவகோட்டை நீதிமன்றம் தீக்கிரையானதற்கும் ஒரு வரி இல்லை. சிறைக்கு அழைத்துப் போவதாக முதலாமாண்டில் சொன்னார்கள். மூன்று வருடத்தில் நாங்கள் கண்டது, ஒரு கோர்ட் வாசலில் நின்று எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ ஒன்றுதான். நூலகத்தில் இருக்கும் சட்டப் புத்தகங்களைப் பற்றி எழுதவே வேண்டாம். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலைக்குப் போகும்.

மன்னிக்க வேண்டும், மடல் வழி மாறிவிட்டது. கேட்க வந்ததை மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். நடப்பில் இருக்கும் சட்டத்தைப் பாடமாக வையுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு பணிவோடு வேண்டுகிறேன். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. ஆச்சி வீட்டுச் சம்பளத்திலிருந்து அப்பா அந்தப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறார். கட்டினாலும் திருத்துகிறவர் கையில் இருக்கப்போவது அதே பாடத்திட்டம்தானே என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் கூடத் தாமதமாகும் என்றால், அடுத்த தேர்வில் 60 என்று எழுதுவதா, 65 என்று எழுதுவதா என்பதையாவது ஹால் டிக்கெட் வருவதற்குள் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பணிவுள்ள
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி