மாடி மண் எவ்வளவு மழை தாங்கும்?

ஆசிரியருக்கு,

மொட்டைமாடி முழுக்க மண் பரப்பிப் புல் வளர்த்தால் மழைநீர் கீழே இறங்கவே இறங்காது என்று எங்கள் குடியிருப்பில் பலரும் நம்புகிறார்கள். ஒரு சதுர அடித் தட்டில் 10 செ.மீ. உயரத்துக்குக் காய்ந்த மண்கலவையை நிரப்பி எடை போட்டேன். தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டுவது நின்றதும் மறுபடி போட்டேன். இரண்டே முக்கால் கிலோ கூடியிருந்தது. அப்படியென்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 30 லிட்டர். மழையளவில் 3 செ.மீ. அதுவும் மண் காய்ந்திருந்தால்தான். ஐப்பசி அடைமழையில் முந்தின நாள் ஈரமே போயிருக்காதே! 2015 டிசம்பர் 1-ந்தேதி மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. தோட்டம் அவசியம் போடுங்கள், வெயிலுக்கும் நல்லது. ஆனால் அதை நம்பி மழைநீர் சேகரிப்புக் குழியை மூடிவிடாதீர்கள். அப்புறம், ஈர மண்ணின் எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் முதலில் கேளுங்கள்.

– ஒரு வாசகர், குரோம்பேட்டை