நாலு சதுரம், ஒரு கிராமம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை நேற்று போனிலேயே கேட்டாயிற்று, நேராக விஷயத்துக்கு வருகிறேன். திட்ட விலக்கம், திட்டப்பிழை, நிகழ்தகவு எல்லாம் சூத்திரமாகத் தெரிகிறது, கணக்கு முடிந்ததும் கையில் என்ன மிஞ்சுகிறது என்றுதான் தெரியவில்லை என்றாய். கூடவே ஒரு குத்தல்: "நாலு இடத்துல அறுத்துப் பாத்துட்டு ஒரு ஊருக்கே இன்சூரன்ஸ் உண்டு, இல்லைன்னு சொல்றீங்களேப்பா, அது எப்படி நியாயம்?" போனில் பதில் சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அதனால்தான் கடிதம்.

நாலு என்பது நான் வைத்த கணக்கு இல்லை. 2016-ல் வந்த பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிர் என்றால் கிராமத்துக்குக் குறைந்தது நாலு பயிர் அறுவடை பரிசோதனை என்று இருக்கிறது. அது போதுமா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நாலு எப்படிக் கிடைக்கிறது என்று பார்.

எந்த வயல் என்பதை, அதாவது சர்வே எண்ணை, சமவாய்ப்பு எண் அட்டவணையை (எந்த ஒழுங்கும் இல்லாமல் எண்கள் நிறைந்த அட்டவணை) வைத்து எடுக்க வேண்டும். வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையில் நின்று நீளம், அகலம் அளக்க வேண்டும். மறுபடியும் அட்டவணை. அதில் வந்த எண்படி இத்தனை மீட்டர் நீளவாக்கில், இத்தனை மீட்டர் அகலவாக்கில் போய் முளைக்குச்சி அடிக்க வேண்டும். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்ட வேண்டும். மூலைக்கு மூலை 7.07 மீட்டர் வருகிறதா என்று பார்க்காமல் அறுக்கக் கூடாது; வராவிட்டால் சதுரம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டால் அந்த 25 சதுர மீட்டரின் நெல். ஒரு ஹெக்டேரில் அது 400-ல் ஒரு பங்கு. தராசு 12.5 கிலோ காட்டினால் ஹெக்டேருக்கு 5,000 கிலோ. களத்தில் 100 கிராம் சிந்திப்போனால் ஹெக்டேர் கணக்கில் 40 கிலோ காணாமல் போகும். தூற்றும்போது நான் ஏன் அப்படிக் கத்துவேன் என்று இப்போதாவது புரிகிறதா?

கயிறு கட்டும்போது விவசாயி வந்து சொல்வார்: "சார், அந்தப் பள்ளத்துல போடுங்க, அங்கதான் தண்ணி நின்னு அழுகிப்போச்சு." இன்சூரன்ஸ் கம்பெனி ஆளின் கண் வாய்க்கால் ஓரத்துக் கொழுத்த பயிர் மேல் இருக்கும். இரண்டு பேரையும் குறை சொல்ல மாட்டேன், அவரவர் கஷ்டம் அவரவருக்கு. அட்டவணைக்கு மட்டும் சொந்தமும் கிடையாது, பகையும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் போதாதா என்று சில பேர் கேட்பார்கள். போதாது. எறிகிற கல் நடுவயலில்தான் விழும், மூலைக்குப் போகாது. எந்த இடத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் அது சமவாய்ப்பு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அது கொதித்துப் புரண்ட பானைக்குச் சரி. ஊரை யார் கிளறிவிட்டார்கள்? தலைமடையில் ஒரு விளைச்சல், கடைமடையில் ஒரு விளைச்சல். கிளறுகிற வேலையைத்தான் அந்த எண் அட்டவணை செய்கிறது.

இந்த முறை நம் நாட்டு நெல்வயலிலேயே வளர்ந்தது என்று உன் வகுப்பில் சொன்னார்களோ என்னவோ. அதற்கு முன்னால் வரப்பில் நின்று பார்த்து "பத்தணா விளைச்சல், பன்னிரண்டணா விளைச்சல்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். 1920-களில் பீகார்-ஒரிசா மாகாணத்தில் ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, சமவாய்ப்பு முறையில் இடம் தேர்ந்தெடுத்து நெல் அறுத்துப் பார்த்தார். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் தன் முறைகள் வளர அந்த வேலை பெரிதும் உதவியது என்று புள்ளியியல் மேதை ஆர்.ஏ. ஃபிஷரே எழுதியிருக்கிறார். பிறகு வங்காளத்தில் மகலனோபிஸ் வந்தார். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். அவர் பிறந்த ஜூன் 29-தான் தேசியப் புள்ளியியல் தினம்.

மகலனோபிஸுக்கும் டெல்லியில் வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தில் இருந்த சுகாத்மேவுக்கும் 1940-களில் ஒரு பெரிய வாக்குவாதம். மகலனோபிஸ் சின்னச் சின்னத் துண்டாக, நிறைய இடத்தில் அறுக்கலாம் என்றார். சின்னத் துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டுகிறது என்று சுகாத்மே கணக்கோடு காட்டினார். காரணம் விளிம்பு. கயிற்றுக்கு அடியில் நிற்கிற நெற்குத்து உள்ளேயா வெளியேயா? கை தானாக உள்ளே இழுக்கும். 1 மீட்டர் சதுரத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 4 மீட்டர் விளிம்பு. நம் 5 மீட்டர் சதுரத்தில் 25 சதுர மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 0.8 மீட்டர்தான். உன் பாடத்தில் வருகிற பிழைகளில் இரண்டு சாதி உண்டு என்பதை இதை வைத்துப் பிடித்துக்கொள். ஒரு சதுரம் கூடவும் ஒரு சதுரம் குறைவாகவும் விழுவது தற்செயல் பிழை. நிறைய அறுத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். விளிம்புக் குத்தை உள்ளே இழுப்பது ஒரே பக்கம் சாய்கிற பிழை. ஆயிரம் இடத்தில் அறுத்தாலும் ஆயிரமும் ஒரே பக்கம்தான் சாயும். அது மாதிரியின் அளவால் தீராது, செய்முறையால்தான் தீரும்.

இனி உன் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு. ஒரு ஊரில் நாலு சதுரம் 12, 13, 12, 13 கிலோ. இன்னொரு ஊரில் 5, 20, 6, 19. இரண்டுக்கும் சராசரி 12.5. முதல் ஊரில் திட்ட விலக்கம் ஏறக்குறைய 0.6, இரண்டாவதில் 8.1. சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே ஊர். 5 கிலோ விளைந்தவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று சராசரி சொல்லாது. (நாலால் வகுக்காமல் மூன்றால் ஏன் வகுத்தேன் என்று கேட்பாய். சராசரியை அதே நாலு எண்ணிலிருந்து எடுத்துவிட்டோம். மூன்று தெரிந்தால் நாலாவது தானாக வந்துவிடும். சுதந்திரமாக இருப்பது மூன்றுதான்.)

இப்போது உன் குத்தலுக்கு. ஒரு ஊரில் சதுரத்துக்குச் சதுரம் திட்ட விலக்கம் 2.4 கிலோ என்று வை. நாலு சதுரத்தின் சராசரிக்குத் திட்டப்பிழை (அந்தச் சராசரி உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளி விழக்கூடும் என்ற அளவு), 2.4-ஐ நாலின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.2 கிலோ. ஹெக்டேருக்கு 480 கிலோ. அதைப் பாதியாக்க 8 போதாது, 16 சதுரம் வேண்டும். அதே சமயம் மாவட்டத்தில் 200 கிராமம் இருந்தால் மொத்தம் 800 சதுரம். மாவட்டச் சராசரியின் பிழை 85 கிராமுக்குள் அடங்கிவிடும். பயிர் அறுவடை பரிசோதனை முதலில் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் விளைச்சல் சொல்லத்தான் வந்தது. அந்த வேலைக்கு அது அருமையான கருவி. அதையே கிராமத்துக்கு இறக்கியதில்தான் உன் கேள்விக்கு இடம் வந்தது.

எவ்வளவு இடம் என்றும் கணக்குப் போடலாம். உத்தரவாத மகசூல், அதாவது ஊர்ச் சராசரி எதற்குக் கீழே போனால் இன்சூரன்ஸ் பணம் வருமோ அந்த அளவு, சதுரத்துக்கு 10.6 கிலோ என்று வை; ஊரின் உண்மையான சராசரி 10 கிலோ. அதாவது நிஜமாகவே நட்டம். நாலு சதுரத்தின் சராசரி தற்செயலாக 10.6-ஐத் தாண்டிவிட வாய்ப்பு எவ்வளவு? வித்தியாசம் 0.6, திட்டப்பிழை 1.2, அரைப் பங்கு. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார், 0.31. நட்டப்பட்ட பத்து ஊரில் மூன்று ஊருக்குப் பணம் வராது. 16 சதுரம் அறுத்தால் இது 0.16 ஆகும். மறுபக்கமும் உண்டு: 11.2 விளைந்த ஊருக்கு, நட்டமே இல்லாமல், அதே 0.31 வாய்ப்பில் பணம் வரும். உன் புத்தகத்தில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று வருவது இந்த இரண்டும்தான். எது எந்த வகை என்பது எதை எடுகோளாக வைக்கிறாய் என்பதைப் பொறுத்தது, தேர்வில் குழப்பிக்கொள்ளாதே.

ஆக, நியாயமா என்றால், யாரும் ஏமாற்றவில்லை என்ற அளவில் நியாயம். நாலு போதுமா என்றால், போதாது என்பதுதான் என் அபிப்பிராயம். ஆள் எங்கே, அறுவடை நிற்கிற பத்து நாளில் எத்தனை வயலுக்கு ஓடுவது என்பது வேறு கேள்வி.

வர்க்கமூலக் கணக்கு சார்பில்லாத சதுரங்களுக்குத்தான் செல்லும் என்பதையும் மறக்காதே. ஒரே வாய்க்காலில் பாயும் பக்கத்துப் பக்கத்து வயல் இரண்டு, புதுச் செய்தி இரண்டு சொல்வதில்லை. ஒரு வயல் கெட்டுப்போக பத்தில் ஒரு வாய்ப்பு, அடுத்த வயலுக்கும் அப்படியே, இரண்டும் சேர்ந்து கெட நூற்றில் ஒன்று என்று பெருக்கிவிடாதே. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்ததைப் பார்த்தவள் நீ.

உன் கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய். 100 வயல் உள்ள ஊரை நீயே உருவாக்கு, கடைமடையில் குறைவாக விளையும்படி. அதில் நாலு நாலாக ஆயிரம் தடவை எடுத்து, ஒவ்வொரு தடவைக்கும் சராசரி போட்டுப் படமாக வரை. பிறகு தலைமடையில் இரண்டு, கடைமடையில் இரண்டு என்று கட்டாயப்படுத்தி ஆயிரம் தடவை எடு. இரண்டு படத்தில் எது ஒடுங்கி இருக்கிறது, ஏன் என்று எழுதி அனுப்பு.

சம்பா கதிர் வாங்க ஆரம்பித்துவிட்டது. பொங்கலுக்கு வரும்போது கூட இரண்டு நாள் லீவு போடு, நம் வயலிலேயே கயிறு கட்டிப் பார்க்கலாம். டிக்கெட் போட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா