கேரி தெற்கா இல்லையா: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

நியூ ஜெர்சியின் எடிசன் நகரத்தை விட்டு வட கரோலினாவின் கேரிக்குக் குடிபோன மூன்றாம் மாதமே எழுதிவிட்டாய்: "அக்கா, இது சவுத்தே இல்லை. வெயில் கூடின எடிசன், அவ்வளவுதான்." உன் தெருவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பக்கத்து மாரிஸ்வில்லில் நம் மளிகைக் கடைகள், கூப்பிடு தூரத்தில் வேங்கடேஸ்வரர் கோயில், வீட்டுக்கு வீடு ஐடி வேலை. அந்தப் பக்கத்து ஆட்களே கேரி என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் விரித்து, "குடிவந்த யாங்கிகளை (வடக்கத்தியரை) அடைத்து வைக்கும் இடம்" என்று பொருள் சொல்வதுண்டு. ஆனாலும், அமெரிக்கத் தென்பகுதிக்கே உரிய பண்பாடு அங்கே இல்லை என்பதுபோல் நீ சொன்னது சரியில்லை. உன்னைப் போல அட்லாண்டாவுக்கும் சார்லட்டுக்கும் போன நம் பிள்ளைகள் பலர் இதையே சொல்கிறார்கள் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் எல்லைக்கோட்டுப் பிரச்சினை. பலரும் மேசன்–டிக்சன் கோட்டைக் காட்டுவார்கள். அது 1763 முதல் 1767 வரை, பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் இருந்த நிலத்தகராறைத் தீர்க்க இரண்டு பேர் அளந்து போட்ட கோடு. பண்பாட்டை அளக்க யாரும் போட்டதல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 16 மாநிலங்களையும் வாஷிங்டன் நகரத்தையும் தெற்கு என்கிறது. அந்தக் கணக்கில் டெலவேரும் தெற்கு. உள்நாட்டுப் போரில் பிரிந்துபோனவை என்று பார்த்தால் 11 மாநிலங்கள்தான், கென்டக்கி விட்டுப்போகும். திசையும் கைகொடுக்காது. இல்லினாய்ஸ் மாநிலத்துக் கெய்ரோ நகரம், பிரிந்த மாநிலங்களின் தலைநகராக இருந்த ரிச்மண்டைவிடத் தெற்கே கிடக்கிறது. ஃபுளோரிடாவிலோ வடக்கே போகப் போகத்தான் தெற்கு வரும். மயாமியில் அதன் சாயலே இராது.

இதற்கு எனக்குப் பிடித்த அளவுகோல் ஜான் ஷெல்டன் ரீட் என்ற சமூகவியலாளர் கண்டுபிடித்தது. உன் வீட்டுக்குப் பக்கத்துச் சேப்பல் ஹில்லில் பாடம் சொன்னவர். ஊர் ஊராகத் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து, "சதர்ன்" என்று தொடங்கும் கடை, கம்பெனிப் பெயர்களை எண்ணி, "அமெரிக்கன்" என்று தொடங்குபவற்றோடு ஒப்பிட்டு, 1976இல் வரைபடம் போட்டார். தன்னைத் தெற்கு என்று கூப்பிட்டுக்கொள்ளும் ஊர்தான் தெற்கு என்பது அவர் வைத்த கணக்கு. தெற்கின் பட்டப்பெயரான "டிக்ஸி"யையும் இதேபோல் எண்ணினார். அது சுருங்கிய வட்டத்தில்தான் வந்தது. அடிமை முறைக் காலத்து ஏக்கம் ஏறிய சொல் அது, இன்று பல கம்பெனிகள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டன. இப்போது தொலைபேசிப் புத்தகம் இல்லை. கைபேசி வரைபடத்தில் நீயே தேடி எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது பேச்சு. உன் அலுவலகத்தில் யாரும் இழுத்துப் பேசுவதில்லை என்றாய். காரணம் இருக்கிறது. 1959இல் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற ஆய்வு, தொழில்நுட்ப வளாகம் வந்தது, 1965இல் ஐபிஎம் வந்தது, வடக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த, பக்கத்து ராலே நகரத்துப் பிள்ளைகளின் உயிரொலிகள் மாறத் தொடங்கியதை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் ஒலிப்பதிவுகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் அலுவலகத்தில் தேடாதே. காரை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கிழக்கே போய், ஒரு பெட்ரோல் பங்கில் காது கொடு.

கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, "ஐ" ஒலி "ஆ" ஆவது: "ரைட்" (சவாரி) என்பது "ராட்" என்று வரும். மொழியியலாளர் வில்லியம் லபோவ் குழுவினர் 2006இல் தெற்கத்திப் பேச்சின் எல்லையை இந்த ஒலியை வைத்துத்தான் வரைந்தார்கள். மலைப்பக்கம் போனால் இது இன்னும் ஒரு படி கூடும். "ரைஸ்" கூட "ராஸ்" ஆகிவிடும். இரண்டாவது, ன, ம ஒலிகளுக்கு முன் "எ" போய் "இ" வருவது. பென்னும் (பேனா) பின்னும் (குண்டூசி) ஒரே ஒலி. அதனால்தான் "இங்க் பென்" வேண்டுமா என்று விளக்கிக் கேட்பார்கள். இலையை எலை என்றும் இடத்தை எடம் என்றும் சொல்கிற நமக்கு இது புதிதில்லை. நம்முடையது எதிர்ப்பக்கம் போகிறது, அவ்வளவே. "யால்" என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பயன்படுத்து. அது பலரைக் குறிக்கும் "நீங்கள்". மரியாதை என்று நினைத்து ஒருவரை மட்டும் பார்த்து அப்படிச் சொன்னால் முழிப்பார்கள்.

மரியாதைக்கு அங்கே வேறு வழி. மூத்த பெண்களைப் பெயருக்கு முன் "மிஸ்" போட்டுக் கூப்பிடுவார்கள். குடும்பப் பெயருக்கு முன் அல்ல, அழைக்கும் பெயருக்கு முன். கல்யாணமானவரா என்ற கேள்வியே இதில் கிடையாது. நம் அக்கா, அத்தைக்குப் பக்கத்தில் வரும் சொல். உன் மகள் பள்ளியில் "யா" என்று பதில் சொல்லாமல் "யெஸ் மேம்" என்று சொல்லப் பழக்கு. ஜெர்சியில் அது கிண்டலாகப் படும். இங்கே அதைச் சொல்லாவிட்டால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள்.

சரி, சாப்பாடு. இங்கேதான் நீ தினமும் தெற்கைத் தொட்டுக்கொண்டே தெரியாமல் இருக்கிறாய். ஓட்டலில் "டீ" என்று கேட்டு, பரிமாறுபவர் "ஸ்வீட்டா, அன்ஸ்வீட்டா?" என்று திருப்பிக் கேட்டால் நீ நிற்பது தெற்கு. வடக்கில் ஐஸ் டீயோடு சர்க்கரைப் பொட்டலம் வரும்; குளிர்ந்த டீயில் அது கரையாமல் அடியில் மணலாகக் கிடக்கும். இங்கே சூட்டிலேயே கரைத்துவிடுவதால் கேள்வி முன்னாலேயே வருகிறது. வீட்டில் போட்டுப் பார்: ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா, பெரிய டீப் பை மூன்று அல்லது நான்கு. பத்து நிமிடம், கூடினால் பதினைந்து. பையைப் பிழியாமல் எடு. பிழிந்தால் கசப்பு இறங்கும், சோடா போட்டதே அந்தத் துவர்ப்பை அடக்கத்தான். சூடு இருக்கும்போதே ஒரு கப் சர்க்கரை, ஏறக்குறைய 200 கிராம். ஊர்க்காரர்கள் ஒன்றரை கூடப் போடுவார்கள். பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு மொத்தம் ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் ஆக்கு. ஆறிய பிறகே ஃபிரிட்ஜில் வை. சூட்டோடு வைத்தால் கலங்கிப்போகும்.

நீ சைவம் என்பதால் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "வெஜிடபிள் பிளேட்" என்ற பெயரை நம்பிவிடாதே. காய்கறி வகை மூன்று நான்கு வைக்கும் தட்டுதான், ஆனால் காலர்ட் கீரையைப் புகையூட்டிய பன்றிக் கால்துண்டு போட்டு மணிக்கணக்கில் வேகவைத்திருப்பார்கள். பீன்ஸில் பேக்கன் இருக்கும். பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம் (நம் டீக்கடை பிஸ்கட் இல்லை, மோர் விட்டுப் பிசைந்து சுடும் மெத்தென்ற பன்). "வெஜிடேரியனா?" என்று கேட்டால் நல்ல மனதோடு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கறித்துண்டு தட்டில் இல்லையே! "எதைப் போட்டு வேகவைத்தீர்கள்?" என்று கேள். மக்ரோனி சீஸையும் அந்தப் பட்டியலில் காய்கறியாகவே எழுதியிருப்பார்கள். உனக்கு அது உதவும். சோளமாவு ரொட்டியில் சர்க்கரை போடலாமா என்ற வாக்குவாதத்தில் மட்டும் தலையிடாதே.

பார்பெக்யூ நீ சாப்பிடப் போவதில்லை, ஆனாலும் தெரிந்துகொள். வட கரோலினாவில் அந்தச் சொல் பன்றிக்கறியின் பெயர். தோட்டத்தில் அடுப்பு மூட்டிக் கூடுவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. கிழக்கில் முழுப் பன்றியைக் கட்டைக் கரியின் தணலில் இரவு முழுக்க வேகவைத்து, வினிகர், மிளகாய்த் தூள், உப்பு, மிளகு மட்டும் சேர்ப்பார்கள். மேற்கே லெக்சிங்டன் பக்கம் தோள்கறி மட்டும், வினிகரில் கொஞ்சம் தக்காளிச் சாறு. இரண்டுக்கும் எல்லை ராலேயை ஒட்டி ஓடுவதாகச் சொல்வார்கள். உன் வீடு ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. தென் கரோலினாவுக்குள் போனால் கடுகுச் சாறு வந்துவிடும், அது ஜெர்மன் குடியேறிகளின் கைவரிசை என்பார்கள்.

தம்பி, இவ்வளவையும் எழுதிவிட்டு இதை எழுதாவிட்டால் நான் எழுதியது பொய்யாகிவிடும். "சதர்னர்" என்றதும் உன் மனதில் ஒரு வெள்ளைக்காரர் முகம்தான் வந்திருக்கும். அதை முதலில் மாற்று. காராமணி முதலில் பயிரானது மேற்கு ஆப்பிரிக்காவில். வெண்டைக்காய் அடிமைப்படுத்தப்பட்டவர்களோடு கடல் கடந்து வந்தது. "கம்போ" என்ற குழம்பின் பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்கு உள்ள சொல்லிலிருந்து வந்ததுதான். கரோலினாவின் நெல்வயல்களைச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி எடுத்தவர்கள் அவர்கள். தெற்கத்திச் சமையல் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அவர்கள் கையில் உருவானது. இன்றும் மிசிசிப்பியில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கறுப்பினத்தவர். ஒரு ஊர் தெற்கா என்று கேட்டால், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சமமில்லாத நிலையில், ஒரே மண்ணில், ஒரே பாத்திரத்தில் சமைத்துத் தலைமுறைகளாக வாழ்ந்த தடம் அங்கே இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

உன் ஊரைச் சுற்றி அந்தத் தடம் நிறையவே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை டர்ஹமுக்கு வடக்கே ஸ்டாக்வில் என்ற பழைய பண்ணைக்குப் போ. 1860இல் அதை வைத்திருந்த குடும்பத்தின் நிலம் ஏறக்குறைய 30,000 ஏக்கர். அதில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் 900 பேர் அளவில். ஹார்டன் குரோவ் என்ற இடத்தில் அவர்கள் குடியிருந்த இரண்டு மாடி மரவீடுகள் இன்னும் நிற்கின்றன. புகைபோக்கிச் செங்கல்லை நெருங்கிப் பார். ஈர மண்ணில் கல் அறுத்தவர்களின் விரல் பதிந்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. சில சின்ன விரல்கள்.

அங்கிருந்து திரும்பும்போது கொஞ்சம் சுற்றி, ராலேயில் ஷா பல்கலைக்கழகத்தையும் பார்த்துவிட்டு வா. 1865இல், போர் முடிந்த அதே ஆண்டில், விடுதலையானவர்களுக்காகத் தொடங்கியது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் வெள்ளையர் மட்டும் உட்காரும் உணவுக் கவுன்டரில் உட்கார்ந்தார்கள். 

அதே ஆண்டு ஏப்ரலில், ஷா பல்கலைக்கழகத்திலேயே படித்த எல்லா பேக்கர் என்ற பெண்மணி, இப்படிப் போராடிய மாணவர்களை ஷாவுக்கு அழைத்துக் கூட்டினார். வன்முறை தவிர்த்த மாணவர்களின் ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது அங்கேதான். இதுவும் தெற்குதான், பிரிந்துபோன மாநிலங்களின் கொடியைவிடக் கூடுதலாகவே தெற்கு.

இனி அன்றாடத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் "எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டால் முகம் சுளிக்காதே. பெரும்பாலும் அது நம் "எந்த ஊர்?" மாதிரிதான். கோயிலுக்குப் போகிறோம் என்று பெயரைச் சொல், பேச்சு நன்றாகவே போகும். ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு மேல் ஓட்டலுக்குப் போகாதே. பிரார்த்தனை முடிந்த கூட்டம் நிற்கும். மதுக்கடை ஞாயிறன்று திறக்காது.

சாலையில் விளக்குப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கார்கள் மெதுவாக வந்தால் அது சவ ஊர்வலம். இரண்டு வழிச் சாலை என்றால், எதிர்த்திசையில் வந்தாலும், பாதுகாப்பாக ஓரம் கட்டி நிறுத்து. நடுவே தடுப்புள்ள விரைவுச் சாலையில் நிறுத்தாதே, பின்னால் வருபவர் மோதுவார். துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோவார்கள். பாத்திரத்தின் அடியில் காகித டேப் ஒட்டி உன் பெயரை எழுது. அந்த வீட்டு மேசையில் ஒரே மாதிரி இருபது பாத்திரம் இருக்கும்.

ஜனவரி 1 அன்று பக்கத்து வீட்டிலிருந்து காராமணியும் கீரையும் சோளரொட்டியும் வரக்கூடும். காராமணி சில்லறை, கீரை நோட்டு, ரொட்டி தங்கம் என்பது ஐதீகம். நீயும் செய்யலாம்: 450 கிராம் காராமணியை இரவே ஊறவைத்து, வெங்காயம், பூண்டு, புகையூட்டிய மிளகாய்த் தூள் சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வேகவை. குக்கரில் வைத்தால் குழைந்துவிடும். பழைய பயறு என்றால் எவ்வளவு நேரமானாலும் வேகாது, அதனால் புதிதாக வாங்கு. வடித்த தண்ணீரைக் கொட்டாதே. அதில்தான் அரிசியை வேகவைப்பார்கள்.

அவர்கள் கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காதே. நம் வழக்கம்தான் அங்கும். இரண்டு லட்டு வைத்துக் கொடு.

அன்புடன்,
அக்கா