அண்டைக்கு நான் உனக்குச் சொன்னது பொய், பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று இரவு போன் கதைக்கேக்க, நெதர்லாந்தில இருக்கிறதுக்கான பெர்மிட் புதுப்பிக்கிற அலுவல் இன்னும் முடியேல்ல எண்டு சொன்னாய். "எங்களுக்கு இந்தக் கரைச்சலே வந்திருக்கத் தேவையில்லையப்பா" எண்டு நீ சும்மாதான் சொன்னனீ, ஆனா எனக்கு நெஞ்சுக்குள்ள குத்திப்போட்டுது. விடிய நாலு மணி மட்டும் நித்திரை இல்லை. 2016 இல இருந்து மறைச்சு வைச்சிருக்கிறன், இனியும் ஏலாது.

ஜூன் 23, வியாழக்கிழமை. உனக்கு ஞாபகம் இருக்கும், லண்டனில றோட்டெல்லாம் வெள்ளம் நிண்ட மழை. வேலை முடிச்சு நனைஞ்ச ஜாக்கெட்டோடயே வாக்குப் போடப் போனன். சின்னத் தடுப்புக்குள்ள நூலில கட்டின பென்சில், ஒரு துண்டு, ரெண்டு பெட்டி, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில இருக்கிறதோ விலகிறதோ எண்டு கேள்வி. என்ர தலையில இருந்து ஒரு துளி தண்ணி அந்தத் துண்டில விழுந்தது, சட்டைக் கையால ஒத்தி எடுத்திட்டு ரெண்டாவது பெட்டியில புள்ளடி போட்டன் பிள்ளை. விலகிறதுக்குத்தான் போட்டன்.

வீட்ட வர நீ கதவைத் திறந்து எதுக்குப் போட்டனீங்கள் எண்டு கேட்டாய். ரிமெயின், இருக்கிறதுக்குத்தான் எண்டு சொன்னன். உனக்கு அப்ப 17, செப்டம்பரிலதான் 18, ஸ்கொட்லாந்தில 2014 வாக்கெடுப்பில 16 வயசுப் பிள்ளையளுக்கே வாக்கு குடுத்தவை, இதில குடுக்கேல்ல. "எனக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறீங்கள்" எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சாய். அந்தக் கணம்தான் இண்டைக்கும் என்னால மறக்க முடியாமல் கிடக்கு.

ஏன் போட்டனான் எண்டால் அப்பம்மாவால. முந்தி 65 வயசு தாண்டின தாய் தகப்பனை, நாங்கள்தான் பாக்கிறம் எண்டு காட்டிக் கூப்பிடலாம். 2012 ஜூலையில அதை மாத்திப் போட்டினம். குளிக்க, உடுக்க, சாப்பிட இன்னொராள் உதவி வேணும் எண்ட நிலைமையில ஆள் இருக்கவேணும், அந்த உதவி காசு குடுத்தும் அங்க கிடைக்காது எண்டு நிரூபிக்கவும் வேணும். பருத்தித்துறையில காசு குடுத்தால் ஆள் பிடிக்கலாம்தானே எண்டு எனக்கு மறுத்துக் கடிதம் வந்தது. அதே நேரம் என்ர ஒண்டுவிட்ட தம்பி நெதர்லாந்தில இருந்து டச்சுப் பாஸ்போட்டோட இங்க வந்தவன், ஐரோப்பியச் சட்டத்தில தன்ர தாயைக் கூப்பிட்டு எடுத்திட்டான். நான் பிரிட்டிஷ்காரன், இருபது வருசம் வரி கட்டினவன், எனக்கு ஏலாது, அவனுக்கு ஏலும். 2015 மாசியில அப்பம்மா போயிட்டா. நான் போய் இறங்கேக்க கொட்டகை போட்டிருந்தது, வேற என்ன சொல்ல.

அந்தப் புண்ணோட இருக்கேக்கதான் விலகவேணும் எண்ட பக்கத்து ஆக்கள் வந்து கதைச்சவை. ஐரோப்பாக்காரர் வாறதைக் குறைச்சால் பொதுநலவாய நாட்டுச் சனத்துக்கு இடம் வரும் எண்டு அப்ப மந்திரியா இருந்த பிரீத்தி பட்டேல் மாதிரி எங்கட ஊர்ப்பக்கத்து முகங்களே சொல்லிச்சினம், கறிக் கடையளைக் காப்பாத்துவம் எண்டு ஒரு பிரச்சாரமே நடந்தது. சிவப்பு பஸ்ஸில ஒன்றியத்துக்குக் கிழமைக்கு 350 மில்லியன் பவுண்ஸ் அனுப்புறம் எண்டு எழுதி ஓடினாங்கள், அது உண்மையில அனுப்புற காசு இல்லை எண்டு கணக்குப் பாக்கிற ஆக்கள் அப்பவே சொன்னவை, நான் காதில போடேல்ல. 2010 இல இருந்து அரசாங்கம் செலவைக் குறைச்சு லைப்ரரி பூட்டுப்பட்டு, டொக்டரைப் பாக்கக் கிழமைக்கணக்கு எண்டு ஆகின கோவம் சனத்துக்கு வேற இருந்தது. 2004 இல போலந்தோட சேர்த்து கிழக்கு நாடுகள் ஒன்றியத்துக்குள்ள வரேக்க பிரிட்டன் கதவை உடனேயே திறந்து விட்டது, அயர்லாந்தும் சுவீடனும்தான் அப்பிடித் திறந்த மற்ற ரெண்டும், ஜேர்மனி ஏழு வருசம் பொறுத்தது. வந்த சனத்துக்கேத்த வீடு, பள்ளிக்கூடம் கட்டேல்ல, அதுக்கான பழி மட்டும் வந்தவையின்ர தலையில. அப்ப பிரதமரா இருந்த டேவிட் கமெரோன் தன்ர கட்சிக்குள்ள இருந்த சண்டையை அடக்கவும், ஒன்றியத்தை விட்டு விலகவேணும் எண்டு நிண்ட யுகிப் கட்சிக்கு வாக்குப் போகாமல் மறிக்கவும் 2013 ஜனவரியில வாக்கெடுப்பு வைப்பன் எண்டு சொல்லி, தோத்து, அடுத்த நாள் காலமையே விலகிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்.

51.9 வீதம் லீவ், அதாவது விலகிறதுக்கு. நாங்கள் இருக்கிற ஹிலிங்டனில 56 வீதம் லீவ், லண்டன் முழுக்கப் பாத்தால் 60 வீதம் ரிமெயின். எங்கட பக்கத்தில என்னை மாதிரி எத்தினை பேர் ஆரோ ஒராளில இருந்த கோவத்தை அந்தத் துண்டில காட்டினவையோ தெரியேல்ல.

அடுத்த நாள் வேலையில என்னோட ரீ குடிக்கிற போலந்துக்காரன், எட்டு வருசம் என்னோட பெட்டி தூக்கினவன், "நான் போகவேணும் எண்டு நினைக்கிறியா?" எண்டு என்னைப் பாத்துக் கேட்டான். அவனுக்கு வாக்கு இல்லை, யாழ்ப்பாணத்தில இருந்து படிக்க வந்து ஒரு வருசமும் ஆகாத எங்கட பெடியனுக்கு பொதுநலவாய நாட்டான் எண்டு வாக்கு இருந்தது. இல்லையடா எண்டு சொன்னன். அவனுக்கும் பொய்தான். 2019 இல குடும்பத்தோட திரும்பிப் போயிட்டான்.

இப்ப எல்லாம் விளங்குது. அப்பம்மாவை மறிச்சது பிரசல்ஸில இருக்கிற ஐரோப்பிய ஒன்றியம் இல்லை, லண்டனில எழுதின சட்டம். ஐரோப்பியச் சட்டம்தான் தம்பியின்ர தாயை உள்ள விட்டது. நான் போட்ட புள்ளடி அவனுக்கு இருந்த உரிமையை அவனைப் போல இனி வரப்போறவையிட்ட இருந்து பறிச்சது, எனக்கு ஒண்டும் தரேல்ல. 2020 டிசம்பர் 31 ஓட சுதந்திரமாய்ப் போய் வாறது முடிஞ்சுது, தாய் தகப்பன் சட்டம் அப்பிடியே கிடக்கு. ஆக்கள் வாறது குறையும் எண்டவை, 2023 ஜூன் வரையான ஒரு வருசத்தில வந்தவைக்கும் போனவைக்கும் உள்ள வித்தியாசம் 9 லட்சத்தைத் தாண்டினது. ஆக்கள் வரட்டும், நானும் வந்தவன்தான். ஆனா எங்களுக்குச் சொன்னது என்ன, நடந்தது என்ன எண்டு பார்.

கடைசியில அது உன்னட்டதான் வந்து விழுந்தது. 2022 இல நீ மாஸ்டர்ஸ் படிக்க நெதர்லாந்து போகேக்க, ஐரோப்பாப் பிள்ளையளுக்கு வருசத்துக்கு 2200 யூரோ சொச்சம், உனக்கு அதைப்போல ஏழு மடங்குக்கு மேல. லோன் பேப்பரில நீ கையெழுத்து வைக்கேக்க நான் பக்கத்தில இருந்தனான். அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம். தம்பி அண்டைக்கு எந்தப் பாஸ்போட்டோட வந்தானோ, அதே நாட்டுக்குத்தான் என்ர பிள்ளை பெர்மிட்டுக்கு லைனில நிக்கிறாள்.

அம்மாவுக்கும் இது தெரியாது. இண்டைக்கு அவவுக்கும் சொல்லுவன்.

ஆடியில வாறம். மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ திரிச்சு வைச்சிருக்கிறா, நெய் கேட்டனீ, பால் சாமான் இப்ப இங்க இருந்து கொண்டு வர விடமாட்டினம், அங்கயே வாங்கி வை. நேர சொல்லவேணும் எண்டுதான் நினைச்சனான், உன்ர முகத்தைப் பாத்தால் எனக்கு வாய் வராது. கோவிக்கிறதெண்டால் கோவி. ஞாயிறு பத்து மணிக்கு எடுப்பன், போனை மட்டும் தூக்கு பிள்ளை.

அப்பா